சூரை, நட்சத்திரம், அறுபத்தொன்று

அன்புவழிபுரத்துக் கமலாதேவி, திருகோணமலைத் துறைமுகத்தடியில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் இருபத்திரண்டு வருஷம் எழுதுவினைஞர். வீட்டு அலுமாரித் திறப்பைக்கூடப் புருஷனிடம் கொடுக்காத மனுஷி. ஆனால் அவருடைய பாஸ்வேர்ட் மட்டும் கந்தோரில் பதினொரு பேருக்கும் தெரியும். சரக்குப் பட்டியல் அவர் பெயரில்தான் திறக்கும். அவர் லீவெடுத்தால் வேலை நிற்கக்கூடாது என்று முகாமையாளர் இரத்தினசிங்கமே அதைத் துண்டுக் கடதாசியில் எழுதுவித்துக் கணினியில் ஒட்டினார். கமலாதேவிக்குப் பிடித்த சூரை மீனின் பெயர் ஆங்கில எழுத்தில். பக்கத்தில் ஒரு நட்சத்திரக்குறி. பிறந்த வருஷம் அறுபத்தொன்று.

2006இல் கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து சுற்றறிக்கை வந்தது. பாஸ்வேர்டை ஒருவரும் ஒட்டி வைக்கக்கூடாதாம். கமலாதேவி அன்றைக்கே துண்டை உரித்தார். கிழித்துப் போட்டால் ஆராவது பொருத்திப் படிப்பார்கள் என்று பயம். குசினி அடுப்பில் எரிக்கலாம் என்று கைப்பையில் வைத்துக்கொண்டு நாலரைக்கு வெளிக்கிட்டார்.

சோதனைச்சாவடியில் பையைக் கொட்டிப் பார்த்த பெண் சிப்பாய், துண்டைப் பொலிஸ் அதிகாரியிடம் நீட்டினாள். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். அதுதான் வினையாகப் போயிற்று.

“சூறை... சூறையாடுறதா? எங்க? அறுபத்தொரு பேரா?”

“ஐயோ சேர், அது மீன்!”

“மீனுக்கு ஏன் நட்சத்திரம்?”

அது கந்தோர்க் கணினியின் பாஸ்வேர்ட், அதில் ஒரு குறி இருக்கவேண்டும் என்று கொழும்பில் சொன்னார்கள் என்றார் கமலாதேவி. சொல்லும்போதே அது தனக்கே நம்பக்கூடியதாகப் படவில்லை. அந்த யுத்த நாட்களில் இதைவிடச் சின்ன விஷயத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அதிகாரி கந்தோர் இலக்கத்தைக் கேட்டு, தன் போனில் எடுத்தார். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டினார். மறுமுனையில் களஞ்சியக்காரர் பக்கீர் நானா.

“உங்கட கம்பியூட்டர் பாஸ்வேர்ட் என்ன?”

ஆர் பேசுகிறது என்றுகூட நானா கேட்கவில்லை. “சூரை, நட்சத்திரம், அறுபத்தொண்டு. நட்சத்திரத்துக்கு ஷிப்ட்ட அமத்தணும், மறந்திராதீங்க. திறபடாட்டி திரும்ப எடுங்க.”

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். துண்டைத் திருப்பிக் கொடுத்து, “போங்க அம்மா, உங்கட ரகசியம் பத்திரம்” என்றார்.

அடுத்த நாள் காலை கமலாதேவி நேரே களஞ்சியத்துக்குப் போனார்.

“ஆர் எவர் எண்டு கேக்காம சொல்லிப் போடுறதே, நானா?”

“அவசரத்துல ஆரோ கேட்டாங்க, பிள்ள. பாவம் எண்டு சொன்னன்.”

ஏசத்தான் வந்திருந்தார். ஏச ஏலவில்லை, கண் கலங்கிவிட்டது. நானா பதறிப்போய்த் தன் பிளேன்ரீக் கோப்பையை அவர் பக்கம் தள்ளினார்.

அந்தக் கிழமையே கொழும்பு புதுப் பாஸ்வேர்ட் வைக்கச் சொன்னது. கமலாதேவி வைத்தார். வைத்துவிட்டு, மேசை மேசையாகப் போய்த் தானே எல்லாருக்கும் சொன்னார். பக்கீர் நானாவிடம் மட்டும் இரண்டு தரம் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டார்.