பிழையான டிராம்

பிழையான டிராமில் ஏறியதால் மெல்பேர்னில் யூதர்கள் வாழும் தெருவொன்றில் நிற்கிறேன். வெள்ளிக்கிழமை, பொழுது பட்டுவிட்டது. காலையிலிருந்து தண்ணீர் மட்டும்தான்.

கறுப்புத் தொப்பி போட்ட கிழவர் ஒருவர் வாசலில் நிற்கிறார். அவருடைய ஆங்கிலம் என் காதில் இப்படி விழுகிறது: "எங்கட சாப்பாட்டறை ஒரே இருட்டா இருக்கு."

"லைற்றைப் போடுங்கோவன், அங்கிள்."

"ஆரோ மறதியில நூத்துப்போட்டினம், மெழுகுதிரியும் முடிஞ்சுது. இண்டைக்கு எங்களுக்கு ஓய்வுநாள். நாங்கள் போடவும் கூடாது, போடச் சொல்லிக் கேக்கவும் கூடாது. கடவுள் ஆள் அனுப்புவார்."

"நல்லது," என்று சொல்லிவிட்டு நடக்கிறேன்.

"அனுப்பினவர் கொஞ்சம் விளங்கிற ஆளா அனுப்பியிருக்கலாம்!" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி கத்துகிறார்.

கிழவர் என்னைக் கூட்டிப்போய்க் கதிரையில் இருத்தி, இருட்டிலேயே தட்டில் கோழி வைக்கிறார். "உமக்கு வெளிச்சம் தேவையெண்டு நீரே போட்டா, அது பிழையில்லை."

எலும்பு தொண்டையைக் குத்துகிறது. எழுந்து தடவிச் சுவிச்சைப் போடுகிறேன். மேசையைச் சுற்றியிருந்த குடும்பமே கைதட்டுகிறது.

"நான் டிராம் மாறி வந்தனான், அங்கிள்."

"ஏத்தினவர் மாறி ஏத்தேல்ல."

வயிறு நிறைந்து கேற்றைத் தாண்டித் திரும்பிப் பார்த்தால் வீடு இருண்டு கிடக்கிறது. அறையை விட்டு வரும்போது லைற்றை அணைப்பது என் பழக்கம். கிழவர் மறுபடி வாசலில் நிற்கிறார், ஒன்றும் கேட்காமல்.

"அங்கிள், கோழி மிச்சம் இருக்கோ?" என்கிறேன்.