பேர் சொல்லக் கூடாத மிருகம்

வாழை குலை தள்ளிவிட்டால் எங்கள் வீட்டில் ஒரு மிருகத்தின் பேரை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. தடாகம் ஊர்ப் பக்கம் மலையடிவாரத்தில் தோட்டம் வைத்திருந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். பேரைச் சொன்னால் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று இறங்கி வந்துவிடுமாம். சொல்லியே ஆக வேண்டுமென்றால் 'பெரியசாமி' என்று சொல்லலாம். இதில் அப்பாவைவிட அம்மா கறார். முந்தின வருஷம் யாரோ வாய்தவறிச் சொன்னதால்தான் பாதித் தோட்டம் போயிற்று என்று நம்பினாள். யாரோ என்று பொதுவாகச் சொன்னாலும் சித்தப்பாவைப் பார்த்துக்கொண்டுதான் சொல்வாள்.

அந்தச் சித்தப்பாதான் எனக்கு இங்கிலீஷ் வாத்தியார். எஸ்.எஸ்.எல்.சி.யில் இங்கிலீஷில் மட்டும் தேறியவர். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். கோயமுத்தூரில் சிஸ்டர்கள் நடத்திய பள்ளிக்கூடத்தில் சேர வேண்டுமென்றால் இங்கிலீஷில் நாலு வார்த்தை பேசிக் காட்ட வேண்டும். "அங்க எடம் கெடைக்கலீன்னா புள்ள ஊட்டுலயே இருக்கட்டும்" என்று அப்பா சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அம்மா சித்தப்பாவுக்குக் கொடுத்த மோரில் வெண்ணெய் மிதக்க ஆரம்பித்தது.

சித்தப்பா பார்ட்டிசிபிளில் தொடங்கினார். "'பிரேக்கிங்'னா ஒடச்சுட்டே இருக்குதுன்னு அர்த்தம் அம்மணி. 'புரோக்கன்'னா ஒடஞ்சுபோச்சு, நாம அழுவறதுதான் பாக்கி." காட்டு மிருகத்தைப் பற்றிக் கேட்பார்கள் என்று யாரோ சொன்னதால், புலியைப் பற்றி ஒரு பக்கம் மனப்பாடம் செய்ய வைத்தார். அவரும் புலியைப் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

பள்ளிக்கூடத்தில் வயதான சிஸ்டர் ஒருவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அம்மா கதவோரம் நின்றாள். நான் புலியை ஆரம்பித்ததுமே சிஸ்டர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "புலி வேண்டாம். எல்லாரும் புலிதான் சொல்றாங்க. நீ கண்ணால பார்த்த மிருகத்தைச் சொல்லு."

நான் பார்த்தது ஒன்றைத்தான். முந்தின வருஷம் விடியும் நேரத்தில், கொல்லைக் கதவின் இடுக்கு வழியாக. அதைச் சொன்னேன். ஸ்டாண்டிங், ஈட்டிங், புல்லிங். புரோக்கன் ட்ரீஸ், ஃபாலன் ஃபென்ஸ், க்ரையிங் மதர். சித்தப்பா கற்றுக்கொடுத்த அத்தனையும் அந்த வாழைத் தோட்டத்தில் செலவழிந்தது. சிஸ்டர் முகம் மலர்ந்துவிட்டது. "வெரி குட்! வாட் இஸ் இட்ஸ் நேம்?"

தோட்டத்தில் குலைகள் முக்கால் விளைச்சலில் நின்றன. இங்கிலீஷில் சொன்னால் அதற்குப் புரியுமா, புரியாதா? சித்தப்பா அதைச் சொல்லித் தரவில்லை. சிஸ்டர் மறுபடி கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அவர் பேனாவை மூடினார்.

அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் பேனா மூடுவது தெரியும். "ஏனுங்கம்மா, என்னங்க கேக்கறீங்க?" என்றாள்.

"இவ்வளவு சொல்றா, என்ன மிருகம்னு கேட்டா முழிக்கிறா. பேரே தெரியாத பிள்ளையை எப்படிம்மா சேர்க்கிறது?"

அம்மா என்னைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"ஆனைங்க" என்றாள். "ஆனையைத்தானுங்க சொல்றா. எம் புள்ளைக்குப் பேரெல்லாம் நல்லாத் தெரியுமுங்க. நாந்தானுங்க சொல்லக் கூடாதுன்னு வெச்சிருக்கறன்."

ஒரு தடவை சொன்னாலே ஆபத்து; அம்மா இரண்டு தடவை சொல்லிவிட்டாள். சிஸ்டர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டுப் பேனாவைத் திறந்தார். எனக்கு இடம் கிடைத்துவிட்டது.

பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மா வீட்டுக்குப் போகாமல் வாய்க்கால் மேட்டுப் பிள்ளையாரிடம் போய்த் தோப்புக்கரணம் போட ஆரம்பித்தாள். என் இடத்துக்கு நன்றி சொல்கிறாள் என்று நானும் கூடப் போட்டேன். கால் வலித்தது. "போதும்மா, அதான் எடம் கெடைச்சிருச்சே" என்றேன். "நீ போ கண்ணு, நான் வாரேன்" என்றாள், நிறுத்தாமல். குலை வெட்டும் வரை தினமும் போனாள்.

அந்த வருஷம் பெரியசாமி எங்கள் பக்கம் வரவே இல்லை. கடைசிக் குலையையும் வண்டியில் ஏற்றிய அன்று அம்மா வரப்பிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எனக்கு இடம் கிடைத்த அன்று சிரிக்காதவள் வாழைக்குலைக்குப் போய் இப்படிச் சிரிக்கிறாளே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.