இடிந்தபடியே நிற்க வேண்டிய சுவர்

வெள்ளிக்கிழமை காலை முதல் ஷிப்ட் பஸ்சுக்கு நின்றுகொண்டிருந்தபோது அஞ்சலை அக்காவின் மகள் கலா போன் செய்தாள். அம்மா நெஞ்சு வலியில் போய்விட்டார் என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. திங்கட்கிழமை வீட்டுச் சேதம் பார்க்க அதிகாரி வருகிறாரே, இனி என்ன ஆகும் என்ற பயம்தான் வந்தது. அக்காவை அறிந்த நம் ஒர்க்‌ஷாப் நண்பர்களான நீங்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள்.

நம் இடத்தைப் பெருக்கித் துடைத்த கான்ட்ராக்ட் தொழிலாளி அவர். குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஏரி உடைத்துக்கொண்ட மழையில் அவருடைய மண்சுவர் வீடு விழுந்தது. நாம் மண்வெட்டியும் தார்ப்பாயுமாகக் கிளம்பினோம், நினைவிருக்கும். கம்பெனி குவார்ட்டர்ஸில் வாழும் நமக்கு எதையாவது சுத்தம் செய்தால்தான் உதவிய திருப்தி. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இடிந்த மண்ணையெல்லாம் வாரிக் கொட்டிவிட்டு, வாசலில் கோலம்கூடப் போட்டுவிட்டு வந்தோம். அந்த யோசனை என்னுடையது.

அடுத்த வாரம் சேதம் பார்க்க வந்தவர் கண்ணில் பட்டது, சாய்ந்து நின்ற ஒரே ஒரு சுவரும் கோலமும்தான். பகுதிச் சேதம் என்று எழுதிக்கொண்டு போனார். வீடு முழுதாக விழுந்தவர்களுக்குப் புது வீடு கட்ட அரசு தரும் உதவிப் பட்டியலில் அக்கா பெயர் வரவில்லை.

அக்கா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "நல்லதுதான் செஞ்சீங்க சார். ஆனா அவுங்க வந்து பாக்கறதுக்கு முன்னாடி இடிஞ்சதத் தொடக் கூடாதுங்க" என்றார், அவ்வளவுதான். அன்றிலிருந்து மனு எழுதுவது என் வேலை, தாலுகா ஆபீசில் நிற்பது அவர் வேலை. தினமும் டீ நேரத்தில் பெயர் வந்ததா என்று கேட்பார். நான் அடுத்த மனுவை எடுத்து நீட்டுவேன்.

இந்தத் திங்கட்கிழமை மறு ஆய்வு என்று ஒருவழியாக உத்தரவு வந்தது. அதன்பின் பக்கத்திலேயே தார்ப்பாயில் குடிசை போட்டுக்கொண்டு அந்தச் சாய்ந்த சுவருக்குக் காவல் இருந்தார். இடியப்போகிற சுவருக்கா காவல் என்று கேலி செய்தேன். "ஆடு வந்து முட்டிடாம பாத்துகினு கீறேன். இதுவும் வுழுந்துட்டா எதக் காட்டி வூடு கேப்பேன்?" என்றார்.

அடக்கம் முடிந்து திரும்பியபோது பெண்கள் வாசல் கழுவத் தண்ணீர் எடுத்து வந்தார்கள். யார் மேலாவது விழுந்துவிடும் என்று உறவினர் ஒருவர் கடப்பாரையோடு சுவரை நெருங்கினார். நான் ஓடிப்போய் குறுக்கே நின்றுவிட்டேன். திங்கட்கிழமை வரை தொடாதீர்கள் என்றேன். துக்க வீட்டில் இவனுக்கு என்ன வந்தது என்பதுபோல் எல்லோரும் பார்த்தார்கள். கலா மட்டும் கடப்பாரையை வாங்கிக் கீழே வைத்தாள்.

உதவி மகள் பெயருக்கு மாறுமா, தெரியவில்லை. கேட்க வேண்டும். அக்காவிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அவருடைய அந்தப் பயம்தான். இன்று ஞாயிறு. வடலூர்ப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. குடையும் தார்ப்பாயும் எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். நாளை வரை அந்தச் சுவர் விழக் கூடாது.