கீபோர்டிலேயே சாக்ஸ் இருக்கிறதாம்

2023 டிசம்பர் 10, ஞாயிறு. எழுந்ததும் டெனர் சாக்ஸபோன் பெட்டியைக் கொண்டுவந்து ஹீட்டர் பக்கத்தில் வைத்தேன். குன்னூர்க் குளிரில் பித்தளை விறைத்துக் கிடக்கும். அப்படியே எடுத்து ஊதினால் சுருதி இறங்கி நிற்கும். குளித்து, இட்லி சாப்பிட்டு, சட்டைக்கு இஸ்திரி போட்டேன். ஊதுவாயில் பொருத்தும் நாணல் பட்டைகளான ரீட்களில் இரண்டைத் தண்ணீரில் நனைத்து, பிளவில்லாததை எடுத்து வைத்தேன். பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு மனைவியோடு மினி பஸ்ஸில் சபைக்குப் போனேன். ஆராதனைக்கு முன் பின்னறையில் நின்று, சத்தம் வராமல் வெறும் மூச்சை உள்ளே விட்டுக் குழலைச் சூடாக்கினேன். எட்டு வருடமாக ஞாயிறு என்றால் இப்படித்தான்.

எங்கள் சபை இசைக்குழு சிறியது. கீபோர்டு, டிரம்ஸ், பாடுகிறவர்கள் நான்கு பேர், நான். கீபோர்டு வாசிப்பவர் சபைச் செயலாளரின் மருமகன். முப்பது வயது, கோயம்புத்தூர் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். விரலில் வேகம் உண்டு. ஆனால் அவருக்கு வருவது ஒரே ஸ்கேல், சி. எந்தப் பாட்டானாலும் விரலை சி-யில்தான் வைப்பார். மற்றதைக் கீபோர்டில் உள்ள ட்ரான்ஸ்போஸ் பட்டன் பார்த்துக்கொள்ளும். பட்டனை மேலே இரண்டு முறை அமுக்கினால் விரல் சி-யில் இருக்க, சத்தம் டி-யில் வரும். இது ஒன்றும் பாவமில்லை. பல சபைகளில் இப்படித்தான் வாசிக்கிறார்கள். என் வாத்தியத்தில் அந்தப் பட்டன் கிடையாது. ஸ்கேல் மாறினால் என் விரல்கள் மாற வேண்டும்.

சனிக்கிழமைப் பயிற்சியில் காணிக்கைப் பாட்டை டி-யில் வைத்திருந்தோம். முதல் சரணம் முடிந்ததும் வரும் இடையிசை என்னுடையது. இத்தனை வருடமும் மற்றவர்களுக்கு அடியில் மெதுவாக ஊதிக்கொண்டிருந்தவனுக்கு முதல்முறையாகத் தனியாக ஒரு துண்டு கொடுத்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் ஆராதனையிலும் அதே பாட்டு, அதே துண்டு. செப்டம்பரிலிருந்து அதற்காகத்தான் ஊதி வந்தேன்.

ஞாயிறு காலை, பாட்டை நடத்துபவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. ஜெபம் நடந்துகொண்டிருந்தபோது, ஸ்கேலை இறக்கிக்கொள்ளும்படி கீபோர்டுக்காரரிடம் காதோடு சொல்லியிருக்கிறார். அவரும் பட்டனை இரண்டு முறை கீழே அமுக்கி, பாட்டை டி-யிலிருந்து சி-க்கு இறக்கிவிட்டார். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. டிரம்ஸுக்கு ஸ்கேல் இல்லை. பாடுகிறவர்கள் கீபோர்டைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். யாருக்காவது சொல்லியாக வேண்டுமென்றால் அது எனக்கு மட்டும்தான். எனக்குச் சொல்லவில்லை.

கேட்ட மாத்திரத்தில் ஸ்கேலைச் சொல்லும் காது எனக்கு இல்லை. சரணம் முடியும்வரை ஊதாமல் காத்திருந்து, நம்பிக்கையோடு உள்ளே நுழைந்தேன். முதல் சுரமே கீபோர்டின் மேல் ஏறி மிதித்தது. ஸ்பீக்கர்கள் அதைக் கடைசி பெஞ்சுவரை கொண்டுபோய்ச் சேர்த்தன. ரீட் என்று நினைத்தேன், குளிர் என்று நினைத்தேன், உதட்டை இறுக்கிப் பார்த்தேன். அது இன்னும் மோசமாயிற்று. பாதியில் நிறுத்திவிட்டு, சாக்ஸைக் கழுத்தில் தொங்கவிட்டபடி பாட்டு முடியும்வரை நின்றேன்.

பாஸ்டர் மைக்கைப் பிடித்தார்.

"நம்ம பிரதர் இன்னிக்குப் பரலோகத்து ஸ்கேல்ல வாசிச்சுட்டாருங்க. நமக்குத்தான் புரியல."

சபை சிரித்தது. காணிக்கைப் பையோடு நின்ற செயலாளர் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார்.

ஆராதனை முடிந்து பின்னறையில் டீயும், எங்கள் ஊர் மொறுமொறு பிஸ்கட்டான வர்க்கியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் நேராகக் கீபோர்டுக்காரரிடம் போனேன்.

"தம்பி, ஸ்கேலை மாத்துனீங்களா?"

"இல்லீங்ணா. எப்பவும் போல சி-லதான் வாசிச்சேன்."

"பட்டனை அமுக்கினீங்களா?"

"அமுக்கினேனுங்ணா. அது ஸ்கேல் இல்லீங்களே, வெறும் செட்டிங்."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் விரல் அசையவில்லை. ஆகவே அவர் கணக்கில் எதுவும் மாறவில்லை. அதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. என் குரல் உயர்ந்தது.

"அந்த செட்டிங் மாறுனா நான் வேற விரல் வெக்கணும். எட்டு வருஷமா பக்கத்துல நிக்கறேன். இது கூடவா உங்களுக்குத் தெரியாது?"

செயலாளர் டீ கிளாஸோடு குறுக்கே வந்தார். "ஏனுங்க பிரதர், ஒரு பட்டனுக்குப் போயி இத்தனை சத்தமா? மத்தவங்க எல்லாரும் சரியாத்தானே பாடுனாங்க. உங்களுக்கு மட்டும் எப்படித் தப்பாச்சு?"

பாஸ்டர் வர்க்கியை டீயில் தொட்டுத் தின்றுகொண்டே சொன்னார். "ஊழியத்துல தாழ்மை வேணுமுங்க பிரதர். புதன்கிழமை கிறிஸ்துமஸ் பிராக்டிஸ்ல எல்லார் முன்னாடியும் தம்பிகிட்ட ஒரு சாரி சொல்லிருங்க. இல்லைன்னா கிறிஸ்துமஸுக்கு நீங்க ரெஸ்ட் எடுத்துக்கங்க. கீபோர்டுலயே சாக்ஸ் சவுண்டு இருக்குதாமே."

"இருக்குதுங்க பாஸ்டர்," என்றார் மருமகன். உடனே ஓடிப்போய் அதைப் போட்டும் காட்டினார். ஜலதோஷம் பிடித்த காரின் ஹாரன் போல இருந்தது. செயலாளர் தலையாட்டினார். "அருமைங்க. எச்சில் சிந்தாது."

தாழ்மை என்ற சொல்லை இவர்கள் எப்போது எடுக்கிறார்கள் என்று கவனித்து வந்திருக்கிறேன். தப்புச் செய்தவரை நோக்கி அது ஒருநாளும் போனதில்லை. கேள்வி கேட்டவன் எங்கே நிற்கிறானோ அங்கே வந்து சேரும். பாட்டை நடத்துபவரும் அந்த அறையிலேயேதான் இருந்தார். "நான்தான் இறக்கச் சொன்னேன், அவருக்குச் சொல்ல மறந்துட்டோம்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். அவருக்குத் தொண்டை கட்டியிருந்ததாம். மூன்றாவது டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

மனைவியோடு வீடு திரும்பினேன். சாக்ஸின் உள்ளே துணியை விட்டு ஈரத்தை இழுத்துக்கொண்டிருந்தபோது அவள் ஆரம்பித்தாள்.

"நீங்க கத்துனது மட்டும்தான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஒரு சாரிதானுங்க. சொல்லிட்டு வாசிங்களேன்."

"எதுக்குன்னு சொல்லட்டும்?"

"எதுக்கோ. வாசிக்கோணுமா, வேண்டாமா?"

வாசிக்க வேண்டும். அதில்தான் அவர்கள் என்னைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தத் துண்டு எவ்வளவு வேண்டும் என்று தெரிந்துகொண்டே விலை கேட்கிறார்கள். நான் சாரி சொன்னால் தப்பு என் பெயரில் பதிந்துவிடும். அடுத்த ஞாயிறும் பட்டன் அமுங்கும், எனக்குத் தெரியாது, சபை சிரிக்கும். மாலை முழுவதும் அதே பாட்டை முதலில் டி-யிலும் பிறகு சி-யிலும் வாசித்தேன். இரண்டும் சுத்தமாக வந்தன. கோபம் இறங்கவில்லை.

திங்கள் காலை எழுந்ததும் முதல் வேலையாகப் பாஸ்டருக்குப் போன் செய்தேன்.

"சாரி சொல்ல மாட்டேனுங்க பாஸ்டர். புதன்கிழமை சாக்ஸோட வருவேன். ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாடியும் பட்டன் எதுல நிக்குதுன்னு அவரு எனக்குச் சொல்லோணும். சொல்ல முடியாதுன்னா கீபோர்டுல இருக்கற சாக்ஸையே வெச்சுக்கங்க."



"ஜெபிச்சுட்டுச் சொல்றேனுங்க பிரதர்."

"இன்னிக்கே ஜெபிச்சுருங்க," என்று சொல்லிவிட்டு வைத்தேன். அதற்குப் பிறகுதான் பல் துலக்கப் போனேன்.