மீன் வரிசையில் வெர்னா கேட்டது

வெர்னா ஸ்டெஃப்கோவுக்குப் பள்ளிப் பேருந்து ஓட்டுவது பிடித்திருந்தது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டால் போதும், பேச வேண்டியதில்லை. அப்படிப்பட்டவள் தன் கட்சி ஆளையே எதிர்த்துத் தேர்தலில் நிற்கிறாள் என்றதும் பென்சில்வேனியாவின் அந்த ஆலை ஊரே சிரித்தது.

காரணம் மேட்டிலிருக்கும் மருத்துவமனை. அங்கே பிரசவப் பிரிவை மூடிவிட்டார்கள். பனிக்காலத்தில், ஒரு காலத்தில் அவள் பேருந்தில் போய்வந்த பெண் ஒருத்தி, நகரத்துக்குப் போகும் வழியில் காருக்குள்ளேயே பிள்ளை பெற்றாள். ஆல்டோ ரினால்டிதான் சட்டமன்ற உறுப்பினர். எல்லாச் சாவுக்கும் வருவார். வெர்னாவின் அப்பாவுடைய சவப்பெட்டிக்கும் தோள் கொடுத்தவர். ஆனால் பிரிவு மூடியதைக் கேட்டால், “அது கம்பெனி முடிவும்மா” என்று கைகழுவினார். மற்றக் கட்சியான ரிபப்ளிகன் அவருக்கு எதிராக ஆள் நிறுத்தியே பல காலம் ஆயிற்று. வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மே மாத உட்கட்சித் தேர்தலில் ஜெயிப்பவருக்குத்தான் நாற்காலி; நவம்பர் பொதுத் தேர்தல் வெறும் சடங்கு.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்கால வெள்ளிதோறும் தேவாலயக் கூடத்தில் மீன் பொரித்து விற்பார்கள். உள்ளே அரசியல் பேசப் பாதிரியார் விடமாட்டார். அதனால் வெர்னா வாசலில் நீளும் வரிசையில் நின்று கைகொடுத்தாள். “உனக்குத்தான்டி ஓட்டு” என்று கட்டிப்பிடித்தார்கள். அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

மூடிய பிரிவில் வேலைபார்த்த நர்ஸ் க்வென்தான் அவளுக்காகப் பிரசாரம் பார்த்தாள். புனித வெள்ளி காலையில் வாக்காளர் பட்டியலைப் பார்த்துவிட்டு அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

“நீ கை குடுத்த ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு இந்த ஓட்டே கிடையாதுடி! ஆலை மூடினப்பவே நம்ம கட்சி மேல கோவப்பட்டு ரிபப்ளிகன்னு பதிஞ்சிட்டாங்க. நம்ம கட்சியில பேர் இருந்தாத்தான் மே மாசம் போட முடியும்.”

ஊரில் யாரும் யாரிடமும் எந்தக் கட்சி என்று கேட்பதில்லை. கேட்பது மரியாதை இல்லை. வெர்னாவும் கேட்கவில்லை.

“பேரை மாத்திப் பதிய இன்னும் நாள் இருக்கு. மாறச் சொல்லிக் கேளு” என்றாள் க்வென்.

“எப்படிக் கேக்கறது? கோயில மாத்துன்னு சொல்ற மாதிரி இருக்கு.”

“அப்ப ஆல்டோவுக்கே மாலை போட்டுடு.”

அன்று மதியம் வரிசை தெரு முனைவரை நின்றது. வாசல் மேசையில் கோரின் பியரோகிக் கொழுக்கட்டைகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். அவளும் பேருந்து ஓட்டுநர்தான், காலமான லென்னின் மனைவி, வெர்னாவின் நெருங்கிய தோழி. பக்கத்திலேயே ஆல்டோ ஏப்ரன் கட்டிக்கொண்டு முட்டைக்கோஸ் சாலட் போட்டுக்கொண்டிருந்தார்.

வெர்னா குனிந்து மெதுவாகச் சொன்னாள். “கோரின், மே மாசத்துக்கு மட்டும் எங்க கட்சிக்கு மாறிக்கறியா? அப்புறம் திரும்ப மாத்திக்கலாம்.”

கோரின் கரண்டியை வைத்தாள். “இதென்ன மழைக்கோட்டா, மாட்டிக் கழட்ட? ஆலை மூடினன்னிக்கு லென் என் கையப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் மாத்தினாருடி. அவர் செத்தப்புறம் நான் போய் மாத்தவா?”

வரிசை திரும்பிப் பார்த்தது. ஆல்டோ சிரித்தார். “என்னம்மா வெர்னா, மீன் வாங்க வந்தியா, ஆள் வாங்க வந்தியா?”

எல்லோரும் சிரித்தார்கள். வெர்னாவுக்குக் காது சுட்டது. பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பாள். ஆனால் கோரின் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தாள்.

“ஆள் கேக்க வந்தேன் ஆல்டோ. வாங்கறதுக்கு என்கிட்ட என்ன இருக்கு?” என்றாள். பிறகு வரிசையைப் பார்த்தாள். “நவம்பர்ல எனக்குப் போடலாம்னு நிறைய பேர் இருக்கீங்க. மே மாசம் தோத்தா நவம்பர்ல நான் இருக்கவே மாட்டேன். பிரசவப் பிரிவு வேணும்னா இப்பவே மாறணும். எனக்கு இதக் கேக்க வெக்கமாத்தான் இருக்கு. ஆனா கேக்கறேன்.”

கோரின் பொட்டலத்தைக் கட்டி முடித்து அடுத்தவரிடம் கொடுத்தாள்.

“போன்லயே மாத்தலாமா?” என்று பின்னாலிருந்து ஒரு பெரியவர் கேட்டார். க்வென் அவரிடம் ஓடினாள்.

மறு வாரம் பள்ளிப் பேருந்துகள் நிறுத்தும் இடத்தில் கோரின் வந்து நின்றாள். “மாத்திட்டேன்டி. லென் கல்லறைக்குப் போயி சொல்லிட்டு வந்தேன். கத்தியிருப்பாரு. கத்தட்டும்.”

மே மாதம் வெர்னா மயிரிழையில் ஜெயித்தாள். அப்பாவின் பழைய கட்சி நண்பர்கள் சிலர், “கடன் வாங்கின ஓட்டு” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவளுக்கு அது வலித்தது, பொய் என்றும் சொல்ல முடியவில்லை.

கோரின் கட்டிப்பிடித்து வாழ்த்தினாள். விடும்போது காதருகே சொன்னாள்.

“அந்தப் பிரிவு திறக்கலேன்னா நாங்க அத்தன பேரும் உன் வீட்டு வாசல்ல வந்து நிப்போம். நான்தான் முதல்ல.”

“வா. அப்பவும் என்னை விட்டுடாதே” என்றாள் வெர்னா.