உறுதியில் என் பெயர்

போர்க்காலத்தின் நடுவே எனக்கு மாமன் மகளை நிச்சயித்தனர். எங்கள் வழக்கப்படி வீடு பெண்ணுக்குச் சீதனமாக எழுதப்படும். மாப்பிள்ளை அங்கே குடிபோவார். ஆயினும் வீட்டு உறுதிப் பத்திரத்தில் என் பெயரையும் சேர்க்குமாறு என் தாயார் கேட்டிருந்தார், மாமாவும் இசைந்திருந்தார்.

உறுதி எழுதுவதற்கு முதல்நாள், வெல்லாவெளியில் அவர்கள் வீட்டு வேலியருகே அவள் என்னை மறித்தாள்.

"மச்சான், உறுதியில என்ட பேர் மட்டும் இருக்கட்டும்."

"ஏன், வித்துக் குடிச்சிருவன் எண்டு பயமா?" என்று சிரித்தேன்.

"குடிகாரனெண்டாலும் வீட்ட வந்து சேருவான்," என்றாள். "அக்காட வீடு ரெண்டு பேர்லயும் இருக்கு. அத்தானப் புடிச்சிக்கொண்டு போய் மூணு வருசம். வீட்ட ஈடு வைக்க அவர்ட கையெழுத்துக் கேக்கிறாங்க. இல்லாட்டி மரணச் சான்றிதழ் வேணுமாம். வருவாரெண்டு இருக்கிறவ அத எப்பிடி எடுக்கிற?"

கல்யாணத்துக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது; கூறைச்சேலைகூட எடுத்தாகவில்லை. அதற்குள் என்னைக் காணாமற்போனவனாக அவள் எண்ணிப் பார்த்திருந்தாள். கோபித்துக்கொள்ள முயன்றேன், அவள் சொன்னதில் ஒரு பிழையும் எனக்கு அகப்படவில்லை.

மறுநாள் உறுதி எழுதும் நொத்தாரிசிடம் என் பெயரை நீக்கச் சொன்னேன். தாயார் உட்கார்ந்திருந்த வாங்கிலிருந்து எழுந்துவிட்டார்.

"உனக்கென்ன விசரா மனே? காரணத்தச் சொல்லு."

என்னையும் ஒருநாள் பிடித்துக்கொண்டு போகக்கூடும் என்பதைப் பெற்றவளிடம் சொல்ல எனக்கு நா எழவில்லை.