அப்பா படியேறிய மூன்று கோர்ட்டுகள்

எங்கள் அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிற இன்று, வேலைவெட்டியை விட்டுவிட்டு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். நினைவு மலர் என்றால் பிறப்பு, பணி, பண்பு என்று வரிசையாக எழுத வேண்டும் என்று அம்மா சொன்னார். எழுத உட்கார்ந்தால் எனக்குக் கோர்ட்டுதான் முன்னால் வந்து நிற்கிறது. அப்பாவின் பிற்கால வாழ்க்கை முழுவதும் அங்கேதான் கழிந்தது. அதை விட்டுவிட்டு எழுதினால் இது வேறு யாருக்கோ போட்ட மலராகிவிடும்.

அப்பா பிறந்தது தங்கச் சுரங்க ஊரான மைசூர் மைன்ஸில், நாங்கள் இன்றும் குடியிருக்கும் இதே லைன் வீட்டில். வட ஆற்காட்டிலிருந்து சுரங்க வேலைக்கு வந்த தாத்தாவுக்குச் சுரங்கக் கம்பெனி கொடுத்த வரிசை வீடு இது. தாத்தாவுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவர் பெரியப்பா. அடுத்தவர், ஆண்டர்சன்பேட்டையில் வாழ்க்கைப்பட்ட அத்தை. கடைக்குட்டி அப்பா. பெரியப்பா கல்யாணத்துக்கு முன்பே பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். அப்பா சுரங்கத்தில் சேர்ந்தார். ஷாஃப்ட் என்கிற சுரங்கக் குழியின் வாயில் நின்று, ஆட்களைக் கேஜ் என்கிற லிஃப்டில் ஏற்றி இறக்கும் வேலை. பெற்றவர்களைக் கடைசிவரை வைத்துப் பார்த்தது இந்த வீட்டில்தான். அத்தையின் இரண்டு பிரசவமும் இங்கேதான்.

சுரங்கத்தை மூடினார்கள். லைன் வீடுகளைக் குடியிருப்பவர்களுக்கே எழுதிக் கொடுக்கப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. அதுவரை எங்கள் வீடு தாத்தா பெயரிலேயே இருந்தது. பெரியப்பா, தானே மூத்த மகன், தானே வாரிசு என்று கம்பெனி ஆபீஸில் எழுதிக் கொடுத்துத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். பிறகு வீட்டைக் காலி செய்யச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் வந்தது. அப்பா வேறு வழியில்லாமல் கோர்ட்டுக்குப் போனார்.

முதல் கோர்ட்டு கம்பெனி காலத்துக் கட்டடம். கருங்கல் சுவர், ஓட்டுக் கூரை, ஆள் உயரத்துக்குச் சன்னல்கள். துரைகள் காலத்தில் தங்கக் கல்லை மடியில் முடிந்துகொண்டு மேலே வந்தவர்களை அந்தக் கூண்டில்தான் நிறுத்துவார்களாம். அப்பா இதையெல்லாம் சன்னல் சன்னலாகக் காட்டிச் சொல்வார். வாய்தாவுக்குப் போய்ப் போய், அந்தக் கட்டடத்தில் எந்த இடத்தில் ஒழுகும், எந்தப் பெஞ்சில் வெயில் படாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

வாய்தா நாளில் அப்பா டிபன் கேரியரில் இரண்டு பேருக்குச் சாப்பாடு எடுத்துப்போவார். ஒன்று அவருக்கு, இன்னொன்று பெங்களூரிலிருந்து காலை ரயிலில் வரும் பெரியப்பாவுக்கு. அம்மாவுக்கு இது ஒரு நாளும் பொறுத்ததில்லை.

"வூட்ட காலி பண்ணுன்னு நோட்டீஸ் வுட்டவருக்கு நான் சோறு கட்டணுமா? இன்னாங்க நியாயம் இது?"

"கேஸு கோர்ட்டுக்குள்ள. வெளிய வந்தா அவரு எங்க அண்ணன். பசியோட ரயிலு ஏத்தி அனுப்பச் சொல்றியா?"

கோர்ட்டுக்குள் எதிரெதிராக நிற்பார்கள். மதியம் வேப்பமரத்தடியில் ஒரே கேரியரிலிருந்து சாப்பிடுவார்கள். பெரியப்பா மறு சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கூரை மோசமானதும் கோர்ட்டை ஒரு பழைய கிடங்குக்கு மாற்றினார்கள். இரண்டாவது கோர்ட்டு அது. தகர ஷீட் போட்ட கட்டடம். மழை பெய்தால் டவாலி கூப்பிடும் பெயர் யாருக்கும் கேட்காது. அதனால் அப்பா வாசற்படியிலேயே நின்றுகொண்டிருப்பார். தூசியில் வேலை செய்த உடம்பு. அப்போதே மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது.

கடைகளும் கொட்டகைகளும் ஒவ்வொன்றாக மூடிய இந்த ஊரில், புதிதாக எழும்பியது கோர்ட்டு ஒன்றுதான். மூன்றாவது கோர்ட்டு லிஃப்டும் பளபளக்கும் தரையுமாக ஊருக்கு வெளியே வந்தது. இடம் மாறப்போகும் தேதியைக் கிடங்கின் பலகையில் கன்னடத்தில் ஒட்டியிருந்தார்கள். அப்பா கன்னடத்தில் மணிக்கணக்கில் பேசுவார். ஓர் எழுத்து படிக்கத் தெரியாது. எங்கள் லைனில் அவர் வயதுக்காரர்கள் எல்லாருமே அப்படித்தான். நான் கன்னடம் படித்தவள்.

"அங்க இன்னாமோ புதுசா ஒட்டிக்கிறாங்கம்மா. ஒருநாள் வந்து படிச்சுச் சொல்றியா?" என்று கேட்டார்.

வேலைக்குப் போக மாரிகுப்பத்தில் விடிகாலை ரயில் ஏறினால் இரவுதான் திரும்புவேன். "லீவு லிஸ்ட்டா இருக்கும்ப்பா, அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டேன். பெரியப்பாவைப் பற்றி எழுதும் கையால் இதையும் எழுதத்தான் வேண்டும்.

அடுத்த வாய்தா அன்று அப்பா பூட்டிய கிடங்கின் படியில் கேரியரோடு உட்கார்ந்திருந்தார். தாமதமாகத் திறப்பார்கள் என்று நினைத்தாராம். அந்த வழியாக ஆட்டோவில் பெரியப்பா போனார். அப்பா எழுந்து நின்று கைகாட்டினார். ஆட்டோ நிற்கவில்லை. அங்கே புதுக் கோர்ட்டில் அப்பாவின் பெயரை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறார்கள். வக்கீல் அன்று வெளியூரில். பெரியப்பா மட்டும் ஆஜர். வழக்குத் தொடுத்தவர் வரவில்லை என்று வழக்கு தள்ளுபடியானது.

சாயங்காலம் வக்கீலின் குமாஸ்தா வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். அப்பா, "அண்ணன் என்னைப் பாத்திருக்க மாட்டாரு. வெயில் கண்ணுல அடிச்சிருக்கும்" என்றார். நான் அதை அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. கேரியரில் ஒருவர் சாப்பாடு அப்படியே இருந்தது.

வழக்கை மறுபடி உயிர்ப்பிக்க அப்பா எத்தனை முறை அந்தப் பளபளத் தரையில் நடந்தார் என்பது அவருக்கும் அவர் நெஞ்சுக்கும்தான் தெரியும். ஒருவழியாக எடுத்துக்கொண்டார்கள். அடுத்தது சாட்சி. பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் குடியிருப்பவர் இவர்தான் என்று இரண்டு பேர் கூண்டில் ஏறிச் சொன்னால் போதும் என்றார் வக்கீல். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு பேரா? இந்த வூட்டுல சாப்புடாதவங்க நம்ம ஜனத்துல யாரு?" என்றார்.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மூச்சிரைக்க வீடு வீடாகப் போனார். ஒருவருக்கு மகள் கல்யாணம். ஒருவருக்குக் கோர்ட்டு என்றாலே ஆகாது. ஒருவர் வீட்டில் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லச் சொன்னார். அத்தை மட்டும் முகத்துக்கு நேராகச் சொன்னார்: "ரெண்டு பேரும் என் கூடப் பொறந்தவங்க. நான் யாருக்குன்னு போய்ச் சொல்லட்டும் தம்பி? என்ன வுட்டுடு." அத்தை சொன்னதில் ஒரு நியாயம் உண்டு என்றார் அப்பா. மற்றவர்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அவர் பண்பு. மலரில் பண்பை எழுதச் சொன்ன அம்மாவுக்காக எழுதிவிட்டேன். சாட்சி வாய்தாவுக்கு முன்பே அப்பா போய்விட்டார்.

அன்று நீங்கள் எல்லாரும் வந்தீர்கள். பாடை கட்டியவர்களுக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், அம்மாவைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கும், மூன்று நாள் எங்களுக்குச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் நன்றி. பெங்களூரிலிருந்து வந்து தலைமாட்டில் உட்கார்ந்து அழுத பெரியப்பாவுக்கும் நன்றி.

அன்று அத்தை மாரடித்து அழுதது என் காதை விட்டுப் போகவில்லை. "இந்த வூட்டுலயே பொறந்து, இந்த வூட்டுலயே வாழ்ந்து, இந்த வூட்டுலயே போய்ட்டியே என் தம்பி. பெரியவன் வுட்டுட்டுப் போன ஆயி அப்பன நீதானடா காப்பாத்துன" என்றார். நீங்கள் அத்தனை பேரும் ஆமாம் ஆமாம் என்று அழுதீர்கள். பெரியப்பாவும் தலையை ஆட்டினார்.

வழக்கு இப்போது அம்மா பெயரிலும் என் பெயரிலும் நடக்கிறது. அடுத்த வாய்தா சாட்சிக்குத்தான். தேதியையும் புதுக் கோர்ட்டுக்குப் போகும் வழியையும் இந்த மலரின் பின்னட்டையில் தமிழில் அச்சிட்டிருக்கிறேன். அன்று எங்கள் வாசலில் அழுதுகொண்டு சொன்னதை, அங்கே வந்து அழாமல் ஒருமுறை சொன்னால் போதும்.